படத்தைப் பார்த்து அழுத்தவும்

அம்புக்குறியைக் காணவில்லை.

கதிர்காமநாதன் மவுஸை மேசையின் இடது கரைவரை தள்ளிப் பார்த்தார். வலது கரைவரை இழுத்துப் பார்த்தார். மேசை முடிந்து மவுஸ் கீழே விழுந்து வயரில் தொங்கியது. அம்புக்குறி வரவில்லை. அது திரையில் எங்கேயோ இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். திரை எங்கே இருக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். அதற்கு மேல் எல்லாம் புகை.

"ஐயா, தேத்தண்ணி போடட்டோ?" கதவடியில் கமலாட்சியின் குரல் கேட்டது. சங்க அலுவலகமான கந்தோரைக் கூட்டித் துடைத்துத் தேநீர் வைப்பவர் அவர்.

"போடும், போடும். நான் உதைக் கொஞ்சம் ஆராய்ஞ்சுகொண்டிருக்கிறன்."

"மவுஸ் கீழ தொங்குது ஐயா."

"தெரியும். காத்துப் பட விட்டிருக்கிறன். புதுச் சாமான்தானே."

கமலாட்சி நம்பினார். கதிர்காமநாதன் கொம்பியூட்டரைப் பற்றி எதைச் சொன்னாலும் அந்தச் சங்கத்தில் நம்பினார்கள். இவ்வளவு காலமும் அவரைக் காப்பாற்றியது அந்த நம்பிக்கைதான்.

மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவுப் பக்கம் கொஞ்சம் உள்ளே போனால் பொன்விளை விதைநெல் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் வரும். முன்னுக்குக் கந்தோர், பின்னுக்குக் களஞ்சியம். கந்தோருக்குள் முகாமையாளர் கதிர்காமநாதன். அவருக்கு முன்னால் ஒரு பழைய கொம்பியூட்டர். அதில் படம் கிடையாது, பூ கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். வேண்டியதைச் சொல்லாக அடித்து விசையைத் தட்டினால் வேலை முடிந்தது. சரியாக அடித்தால் ஒருமுறை கீச்சிடும், பிழை என்றால் இரண்டு முறை.

சனம் அந்தக் கறுப்புத் திரைக்குப் பயந்தது. அதற்கு முன்னால் இருப்பவருக்கு இன்னும் கூடப் பயந்தது. புலமைப்பரிசில் சோதனைக்குப் போகிற பிள்ளைகளைத் தாய்மார் கூட்டிவந்து தூர நின்று அவருடைய விரல்களைக் காட்டினார்கள். "பாத்தியோ, ஐயா மவுஸ் தொடமாட்டார்" என்று மூலஸ்தானத்துக்கு முன்னால் கதைப்பதுபோல மெல்லக் கதைத்தார்கள்.

ஐயா மவுஸ் தொடாததன் காரணம் ஐயாவுக்கு மட்டும்தான் தெரியும். சீனி வருத்தமான நீரிழிவு முதலில் காலுக்கு வந்தது. பிறகு கண்ணுக்குப் போனது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு பெரிய புகைமூட்டமும் சுற்றிவரக் கொஞ்சம் வெளிச்சமும் இருந்தன. கறுப்புத் திரைக்கு அது போதும். எழுத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து, ஒரு சொல்லே திரையை நிறைக்கும் அளவுக்கு வைத்திருந்தார். ஏன் இவ்வளவு பெரிய எழுத்து என்று கேட்டவர்களிடம், "பாதுகாப்புக்கு" என்றார். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

வீதியில் எதிர்ப்பட்டவர்கள் சிரித்தால் அவர் திரும்பிச் சிரிப்பதில்லை. படிப்புக் கூடினால் அப்படித்தான் என்று ஊர் மதிப்புப் போட்டது. பின்னேரங்களில் மனைவி நேசமலரைப் பக்கத்தில் இருத்திப் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இந்த வயதில் மனிசனுக்கு என்ர குரலில் இவ்வளவு பிரியமா என்று நேசமலர் வெட்கப்பட்டார்.

வெளியில் சொல்ல வழியில்லை. களஞ்சியக்காரர் கணபதிக்குக் காது மந்தம் என்று தெரியவந்த உடனேயே தலைவர் ராஜரத்தினம் அவருக்குப் பிரியாவிடை வைத்துவிட்டார். பொன்னாடை, படம், பிறகு தலைவருடைய உரை. அந்த உரை முழுவதையும் சிரித்த முகத்தோடு இருந்து முடித்தவர் கணபதி ஒருவர்தான். காது மந்தத்துக்கே பொன்னாடை என்றால் கண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று கதிர்காமநாதனுக்குத் தெரியும். அதில் நியாயம் இருப்பதாகவும் அவருக்குப் பட்டது. கண் தெரியாதவனுக்குக் கந்தோரில் என்ன வேலை?

இந்த நிலைமையில்தான் தலைவர் புதிய முறையைக் கொண்டுவந்தார்.

கொழும்பில் யாரோ ஒரு கம்பனி புதுக் கொம்பியூட்டர் ஒன்றில் போட்டுக் கொடுத்தது. எழுத்தே கிடையாது, முழுக்கப் படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு செய்தி. எதையாவது அழுத்தினால் அங்கத்தவர் அத்தனை பேருடைய போனுக்கும் அந்தச் செய்தி போய்விடும். திறப்புவிழாவில் தலைவர் சொன்னார்: "ஒருத்தரும் இனி ஒதுக்கப்படப் போறதில்லை! எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்து அமத்தலாம்!" சங்கத்தில் வாசிக்கத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. இருந்தும் எல்லோரும் கைதட்டினார்கள். மேசைக்கு மேலே சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியும் விட்டார்கள்: படத்தைப் பார்த்து அழுத்தவும்.

மவுஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"கதிர்காமநாதன்! தலைவர் பேசுறன்." அவர் கதைப்பதில்லை, பேசுவார். "கிளிநொச்சிக் கூட்டுறவுச் சமாசத்தில இருந்து ஒரு பிள்ளை வருகுது. தேனுகா எண்டு பேர். பெரிய கெட்டிக்காரியாம். எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்து அறிக்கை குடுப்பாவாம்."

"எல்லாத்தையும் எண்டா?"

"எல்லாத்தையும்தான். மெசினையும் பாப்பா, மெசினுக்கு முன்னால இருக்கிற ஆக்களையும் பாப்பா. பக்கத்தில இருந்து கேக்கிறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்கோ. சங்கத்தின்ர மானம் உங்கட கையில."

சங்கத்தின் மானம் கையிலிருந்து நழுவுவதைக் கதிர்காமநாதன் உணர்ந்தார். கமலாட்சியைக் கூப்பிட்டு, பஸ்ஸடிக்குப் போய் வருகிற பிள்ளையை மரியாதையாகக் கூட்டிவரச் சொன்னார். தான் அதற்குள் திருநீறு பூசிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். கூர்மையான பார்வை உள்ளவர்கள் எப்படி இருப்பார்கள் என்று யோசித்து, புருவத்தைக் கொஞ்சம் சுருக்கினார்.

வாசலில் வெளிச்சம் மறைந்தது. அகலமான உருவம் ஒன்று வந்தது. கெட்டிக்காரிதான், ஆனால் நல்ல உடம்பு என்று அவர் நினைக்கும்போதே உருவம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி கமலாட்சி.

"படி ஒண்டு கிடக்கு தங்கச்சி, காலைத் தூக்கி வையுங்கோ. ஓம், அப்பிடித்தான். இஞ்ச கதிரை."

கமலாட்சி ஒருநாளும் தனக்குக் கதிரை இழுத்துப் போட்டதில்லை என்பதைக் கதிர்காமநாதன் மனதில் குறித்துக்கொண்டார். எழுந்து கையை நீட்டினார்.

"வணக்கம் சேர். நான் தேனுகா" என்றாள் அந்தப் பிள்ளை. இனிமையான குரல். ஆனால் நீட்டிய கையை அவள் தொடவே இல்லை. கை சிறிது நேரம் காற்றில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. மேலிடத்து எடுப்பு, வேறென்ன.

"சேர், உங்களுக்குக் கரைச்சல் தாறன். எனக்குப் பக்கத்தில இருந்து கொஞ்சம் உதவி செய்யோணும். தலைவர் சொல்லியிருப்பார்தானே?"

"சொன்னவர், சொன்னவர். கேளும் பிள்ளை. எதுக்கும் நான் ஆயத்தம்."

"ஒரு காதில இதைக் கொளுவப் போறன். குறை நினைக்கவேண்டாம்."

"பாட்டுக் கேட்டுக் கேட்டு வேலை செய்வீரோ?"

தேனுகா சிரித்தாள். "பாட்டில்லை சேர், கதை. அது சொல்லச் சொல்ல நான் செய்வன்."

அவள் காதிலிருந்து நுளம்பு போல ஏதோ வேகமாக முணுமுணுப்பது கதிர்காமநாதனுக்குக் கேட்டது. சமாசத்திலிருந்து யாரோ நேரடியாகக் கதைக்கிறார்கள். இங்கே நடப்பதெல்லாம் உடனுக்குடன் கிளிநொச்சிக்குப் போகிறது.

பிறகு அவள் விசைப்பலகையில் கை வைத்தாள்.

கதிர்காமநாதன் எத்தனையோ பேர் தட்டிக் கேட்டிருக்கிறார். அவருடைய சொந்தத் தட்டலே ஊரில் பேர்போனது. ஆனால் இது தகரக் கூரையில் மழை இறங்குவது போல இருந்தது. முதலில் சில துளிகள், பிறகு ஒரே இரைச்சல், நடுவில் சட்டென்று ஒரு நிறுத்தம், திரும்பவும் இரைச்சல். அவள் எதையும் தேடவில்லை. எங்கும் தடக்கவில்லை. மவுஸ் தொங்கியபடியே இருந்தது.

"பிள்ளை, மவுஸ் அந்தப் பக்கத்தில..."

"அது எனக்கு ஒத்துவராது சேர். விசைப்பலகை இருக்கேக்க அதென்னத்துக்கு?"

கதிர்காமநாதனின் நெஞ்சு விரிந்தது. "நீர் எந்த ஊர்? அப்பா என்ன செய்யிறார்?" கலியாணம் பேசுபவர் போல அவருக்கே தெரியாமல் கேட்டுவிட்டார்.

"பரந்தன் சேர். அப்பா நெல்லுக் கமம்தான். சேர், இதோட ஒரு பழைய கறுப்புத் திரைக் கொம்பியூட்டரும் தொடுத்துக் கிடக்குது, அதை ஆர் வைச்சிருக்கிறது?"

"நான்தான்."

"அருமையான சாமான். முழுக்க எழுத்து, ஒளிச்சு வைக்க ஒண்டுமில்லை. கேட்ட உடன பதில் சொல்லுது. புதுசு உப்பிடி இல்லையே சேர். படம் படமா ஒட்டி வைச்சிருக்கிறாங்கள், ஒண்டுக்கும் பேர் வைக்கேல்லை. பொத்தான், பொத்தான், பொத்தான் எண்டு அதுபாட்டில போகுது. எது என்னெண்டு மனிசருக்கு விளங்கவேண்டாமோ?"

"விளங்கவேண்டாமோ!" கதிர்காமநாதன் மேசையில் அடித்தார். "நான் அண்டைக்கே சொன்னனான்." அவர் அன்றைக்குக் கைதான் தட்டினார். ஆனால் இப்போது சொன்னது போலவே இருந்தது.

அவளைப் பார்த்து அவர் வியந்துபோய் இருந்தார். வேலை என்றால் இதுதான். இதற்குக் கண் வேண்டும், நல்ல இளம் கண், ஈ பறந்தாலும் பிடிக்கிற கண். தன் காலம் முடிந்தது என்று அவருக்கு அந்த இடத்தில் உறைத்தது. வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் வந்தது. போவதென்றால் இப்படி ஒருத்திக்கு இடம் விட்டுத்தான் போகவேண்டும்.

"சரி சேர், இனித்தான் உங்கட உதவி" என்றாள் தேனுகா. "இந்தப் படங்களுக்குள்ள ஒண்டு பரிசோதனைப் படமாம். அதை அமத்தினா கந்தோர்ப் போனுக்கு மட்டும் செய்தி வரும். அது எது எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

சோதனை தொடங்கிவிட்டது.

கதிர்காமநாதன் முன்னுக்குக் குனிந்தார். புகையும் குனிந்தது. கரையில் மஞ்சளாக ஏதோ, அதற்குப் பக்கத்தில் கபிலமாக ஏதோ. கண் கைவிட்ட இடத்தில் அவர் அறிவைக் கூப்பிட்டார். எதையும் முதலில் பரிசோதிப்பதுதான் முறை. ஆகவே முதலாவதுதான் பரிசோதனையாக இருக்கும்.

"முதலாவது" என்றார் உறுதியாக.

"வடிவாத் தெரியுதோ சேர்?"

"இதென்ன கேள்வி பிள்ளை! பளிச்செண்டு தெரியுது."

தேனுகா அழுத்தினாள்.

மேசையில் இருந்த கந்தோர்ப் போன் கிணுங்கியது. கதிர்காமநாதன் நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு குசினிக்குள் கமலாட்சியின் போன் கிணுங்கியது. வீதியில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவரின் போன் கிணுங்கி, சைக்கிள் நின்றது.

"ஐயா!" கமலாட்சி ஓடிவந்தார். "விதைநெல் இண்டைக்குக் குடுக்கினமாம், உடன சாக்கோட வரட்டாம் எண்டு மெசேச் வந்திருக்கு!"

"எல்லா அங்கத்தவருக்கும் போயிட்டுதாம் சேர்" என்றாள் தேனுகா.

"ஆர் சொன்னது?"

"இதுதான், காதில."

கிளிநொச்சிக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

"நீங்கள் பரிசோதனை எண்டெல்லோ சொன்னீங்கள் சேர்?"

"சொன்னனான்." அவர் முதுகை நிமிர்த்தினார். "பிழையாச் சொன்னா நீர் என்ன செய்வீர் எண்டு பாக்கத்தான் சொன்னனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். நீங்கள் சொன்னா அப்பிடியே நம்பினது என்ர பிழைதான். சனம் வெளிக்கிட முந்தி இரத்துச் செய்வம். இரத்துச் செய்யிற படம் எது? இந்த முறை உண்மையாச் சொல்லவேணும்."

முதலில் தொடங்கினால் கடைசியில் நிறுத்தவேண்டும். அதுவும் முறைதான்.

"கடைசியா இருக்கிறது. குறுக்குக் கோடு ரெண்டு போட்டிருக்கு."

அவள் அழுத்தினாள். போன்கள் கிணுங்கின. அந்தக் கடைசிப் படத்தில் இருந்தது கோடு அல்ல, கொம்பு.

கமலாட்சி திரும்பவும் ஓடிவந்தார். "ஐயா, எங்கட மாடு பயிருக்குள்ள இறங்கிப் பிடிபட்டிட்டுதாம்! உடன வந்து அவிட்டுக்கொண்டு போகட்டாம்! எங்களிட்ட மாடே இல்லையே ஐயா!"

வெளியில் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று டக டக என்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி ஒரே டக டக. சாக்குகளோடு பாதிப் பேர், கயிறுகளோடு பாதிப் பேர், இரண்டையும் கொண்டு வந்த கெட்டிக்காரர் சிலர். காலபோக விதைப்புக்கு மழை இருட்டிக்கொண்டு நின்ற நேரம். விதைநெல் என்றால் உயிர்.

இருமல் சத்தம் ஒன்று வீதிப் பக்க யன்னலடிக்கு வந்தது. இருமலிலேயே ஆளைத் தெரியும், சங்க அங்கத்தவர் செல்வராசா.

"ஐயா, என்ர மாட்டைப் பிடிச்சிருக்கிறியளாம்."

"உமக்குத்தான் மாடு இல்லையே செல்வராசா?"

"அதுதான் எனக்கும் யோசினை. எண்டாலும் மெசேச் வந்திட்டுது. பிடிச்சதைக் காட்டுங்கோ, நல்லதா ஒண்டைப் பாத்து அவிட்டுக்கொண்டு போறன்."

கதிர்காமநாதன் எழுந்தார். இது படத்தால் வந்த வினை. படத்தால் தீராது. பழைய கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தார். விரல்களை மடக்கி நீட்டினார். யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த சனம் மெல்ல அடங்கியது. "ஐயா கறுப்புத் திரையில இருந்திட்டார்" என்று யாரோ பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்.

அவருக்குக் கண் தேவைப்படவில்லை. விரல்களுக்கு வழி தெரியும். விதைநெல் இன்று இல்லை என்று அடித்தார். மாடும் இல்லை என்று அடித்தார். எல்லோருக்கும் அனுப்பு என்று கட்டளை கொடுத்து விசையைத் தட்டினார்.

ஒருமுறை கீச்சிட்டது. சரி.

"அற்புதம் சேர்!" தேனுகா கைதட்டினாள். "உதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லுறனான். உப்பிடி ஒரு கட்டளை எண்டா ஒருத்தரின்ர உதவியும் தேவையில்லை."

அவர் உள்ளம் குளிர்ந்து முடிவதற்குள் வெளியில் அத்தனை போன்களும் ஒன்றாகக் கிணுங்கின. வாசிக்கிற நேரத்துக்கு அமைதி. பிறகு பனை விழுந்தது போல ஒரு சத்தம்.

"இல்லையாம்! முடிஞ்சுதாம்!"

"விதைநெல் முடிஞ்சுதாம்! முதல் வந்தவங்களுக்கு உள்ளால குடுத்திட்டாங்கள்!"

"மாட்டையும் குடுத்திட்டாங்கள்!" இது செல்வராசா.

"கமலாட்சி, கேற்றைப் பூட்டும்!" என்றார் கதிர்காமநாதன். கமலாட்சி பூட்டினார். பூட்டியதும், உள்ளே ஏதோ இருக்கிறது என்பது சனத்துக்கு உறுதியாகிவிட்டது. இல்லாததற்கு ஏன் பூட்டு? கேற் ஆடத் தொடங்கியது. அதுவரை வீட்டில் இருந்தவர்களும், விதைநெல் இல்லை என்ற செய்தி கிடைத்த பதற்றத்தில் சாக்கோடு புறப்பட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் தலைவர் ராஜரத்தினம் வந்து இறங்கினார். வாசனைத் தண்ணீர் அவருக்கு முன்னே வந்தது. இவ்வளவு சனத்தை ஒரே இடத்தில் கண்டதும் அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அருகில் நின்ற உழவு மெசின் பெட்டியில் ஏறிவிட்டார்.

"அன்பான கமக்காரப் பெருமக்களே! புதிய முறைக்கு நீங்கள் தரும் இந்தப் பேராதரவு..."

"விதைநெல் எங்க?" என்றது பேராதரவு.

"படத்தைப் பார்த்து அழுத்தும் இந்த யுகத்தில்..."

"மாடு எங்க?"

தலைவர் இறங்கினார். கேற்றைத் திறக்கச் சொல்லிக் கந்தோருக்குள் வந்தார். சனமும் அவரோடு வந்தது. உள்ளே வரமுடியாதவர்கள் யன்னல்களில் தொங்கினார்கள். நடந்ததைக் கமலாட்சி சுருக்கமாகச் சொன்னார். தலைவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசுபவர் அல்ல, கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவார். இப்போதும் யன்னல் பக்கம் திரும்பி நின்றே கேட்டார்.

"உந்தப் படங்களை அமத்தினது ஆர்?"

"நான்தான் சேர்." தேனுகா எழுந்து நிற்பது கதிரைச் சத்தத்தில் தெரிந்தது.

"அமத்தச் சொன்னது ஆர்?"

கதிர்காமநாதனுக்குப் பொன்னாடை தோளில் விழுவது போலவே இருந்தது.

"ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள் தேனுகா. "நான்தான் அமத்தினனான். பிழை என்னிலதான்."

"அப்ப சரி. இண்டைக்கே சமாசத்துக்கு அறிவிக்கிறன். பொறுப்பில்லாத ஆக்களுக்கு உந்த வேலை சரிவராது. உம்மை நிப்பாட்டுவிச்சிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை!"

சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ ஒரு பெண், "ஐயோ பாவம், அந்தப் பிள்ளையை" என்றார்.

கதிர்காமநாதனுக்குள் ஏதோ அறுந்தது. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறாள் ஒரு பிள்ளை. மவுஸ் தொடாத பிள்ளை. தகரத்தில் மழை போலத் தட்டுகிற பிள்ளை. அவளுடைய வேலை போகப் போகிறது, தன்னுடைய புகையால். உண்மையைச் சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் அவளுடைய வேலை போகும். இரண்டும் போகாமல் இருக்க ஒரு வழி அவருக்குத் தோன்றியது. இந்தச் சங்கம் இதுவரை தன் சொல்லைத்தான் நம்பியிருக்கிறது. இன்றைக்கும் நம்பட்டும்.

"தலைவர், பொறுங்கோ!"

சத்தம் அடங்கியது. கறுப்புத் திரைக்காரர் வாய் திறந்தால் ஊர் கேட்கும்.

"பிழை உந்தப் படங்களில. இந்தப் பிள்ளையில இல்லை. நான் சாட்சி." அவர் தேனுகாவின் குரல் வந்த பக்கம் கையை நீட்டினார். "விடியத் தொடக்கம் பக்கத்தில இருந்து என்ர ரெண்டு கண்ணாலயும் பாத்துக்கொண்டு இருந்தனான். இந்தப் பிள்ளை ஒரு செக்கன் திரையை விட்டுக் கண் எடுக்கேல்லை. ஒவ்வொரு படத்தையும் உற்று உற்றுப் பாத்துத்தான் அமத்தினவ. கழுகுக் கண்! இவ்வளவு கூரான கண்ணை நான் என்ர சேவைக் காலத்தில காணேல்லை. இவவின்ர கண்ணுக்கே பிடிபடாத படம் எண்டா, வேற ஆருக்குப் பிடிபடப் போகுது?"

கந்தோர் அப்படியே உறைந்தது. வெளியில் கடைசி லாண்ட்மாஸ்டரையும் யாரோ நிற்பாட்டினார்கள். இருமல்காரர் கூட இருமவில்லை. தலைவர் முதல்முறையாகப் பேசாமல் நின்றார். தன் பேச்சு இந்த அளவுக்கு எடுபட்டதைக் கண்டு கதிர்காமநாதனுக்கே மெய் சிலிர்த்தது. வெற்றியை முற்றாக்கிவிடுவது என்று தீர்மானித்தார்.

"கமலாட்சி, நீரும் இஞ்சதானே நிண்டனீர்? நான் சொன்னது சரியோ பிழையோ, நீரே எல்லாருக்கும் சொல்லும்."

செருப்புச் சத்தம் தயங்கித் தயங்கி அவருக்குக் கிட்ட வந்து நின்றது.

"ஐயா... அந்தப் பிள்ளைக்கு ரெண்டு கண்ணும் தெரியாதே. கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து உங்களுக்கு முன்னாலதானே இருத்தினனான், நீங்கள் காணேல்லையோ?"